கோலைக் கோலால் பெருக்கினால் குழி

மதுரைச் செல்லூரில் எங்கள் வீட்டு மாடியில் சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகள் கணக்குப் படிக்க வருகிறார்கள். போன வாரம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் நோட்டில் ம × ம = 2ம என்று இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் ம² × ம³ = ம⁶ என்று எழுதியிருந்தான். இன்னொரு பிள்ளை ம⁵ ÷ ம⁵ = 0 என்று முடித்து, கீழே இரண்டு கோடும் போட்டுவிட்டாள்.

இந்த மூன்று தவறும் வருடா வருடம் வருகின்றன. பிள்ளைகள் மாறுகிறார்கள், தவறு மாறுவதில்லை. இவற்றைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். சின்ன வயதிலிருந்து கூட்டிக் கூட்டிப் பழகிய கை, பெருக்கலுக்குள் வந்த பிறகும் கூட்டலின் வழக்கத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறது. கூட்டல் ஒரே இனத்தைத்தான் சேர்க்கும். பெருக்கலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அது எந்த இனத்தையும் எந்த இனத்தோடும் சேர்த்து, முன்பு இல்லாத ஒரு புது இனத்தை உண்டாக்கும். இது மனதில் பதிந்துவிட்டால் அடுக்குக்குறி விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

எழுத்துகளைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடப்புத்தகத்தில் எக்ஸ், ஒய் என்று வரும் இடங்களில் இங்கே ம, ப என்று எழுதுகிறேன். க, உ, எ, அ போன்றவற்றை வேண்டுமென்றே தவிர்த்தேன். பழைய தமிழ் எண்முறையில் க என்றால் 1, உ என்றால் 2, எ என்றால் 7, அ என்றால் 8. எண்ணாகவே இருந்த எழுத்தைத் தெரியாத எண்ணுக்குப் பெயராக வைத்தால் குழப்பம் வரும்.

மதுரைப் பிள்ளைகளுக்கு மாறி என்றால் என்ன என்று விளக்க மல்லிகைப்பூவைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ அது. ஆனால் அதன் விலை ஒரு நாளும் நிலையாக நின்றதில்லை. முகூர்த்த நாள் வந்தால் ஏறும், மழை பெய்து வரத்து குறைந்தால் ஏறும், ஆடி மாதத்தில் ஒரு மாதிரி, தை மாதத்தில் வேறு மாதிரி. இன்றைக்கு ஒரு முழம் என்ன விலை என்று தெரியாமலேயே ‘விலை எவ்வளவோ, அவ்வளவு’ என்று நாம் பேசுகிறோம் அல்லவா, அந்த ‘எவ்வளவோ’தான் ம. வாங்குவது எத்தனை முழமோ, அது ப. மொத்தம் ம × ப ரூபாய். அதைச் சுருக்கி மப என்று எழுதுகிறோம்.

ம + ப என்றால் என்ன? ஒரு முழத்தின் விலையையும் முழங்களின் எண்ணிக்கையையும் கூட்டியது. அதற்கு ஒரு பொருளும் கிடையாது. முப்பது ரூபாயும் நாலு முழமும் சேர்ந்து முப்பத்துநாலு என்று பூக்காரம்மாவிடம் சொன்னால், முப்பத்துநாலு என்ன என்று கேட்பார். பெருக்கினாலோ நூற்றிருபது ரூபாய் என்று உடனே காசு கை மாறிவிடும். எட்டாம் வகுப்புப் பெண்ணின் அம்மா பூக்கட்டுகிறவர் என்பதால் இதை அவளுக்கு நான் விளக்கவே தேவைப்படவில்லை.

சரி, ஒரே எழுத்து இரண்டு தடவை வந்தால்? ம × ம ஏன் 2ம ஆகாது?

இதற்கு நம் பக்கத்து நில அளவையே பதில் சொல்கிறது. அந்தக் காலத்தில் வயலைக் கோலால் அளந்தார்கள். கோலின் நீளம் ஊருக்கு ஊர் வேறுபட்டது. தஞ்சாவூர்ப் பக்கம் பன்னிரண்டு அடிக் கோல் வழக்கில் இருந்தது. நீளத்தில் ஒரு கோல், அகலத்தில் ஒரு கோல் உள்ள சதுரத்துக்குக் குழி என்று பெயர். அந்தக் கணக்கில் ஒரு குழி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஒரு மா முப்பத்துமூன்று சென்ட் என்று விவசாயிகள் இன்றைக்கும் சொல்வது இதிலிருந்து வந்ததுதான். 14,400 சதுர அடியை ஒரு சென்ட்டுக்கான 435.6 சதுர அடியால் வகுத்துப் பாருங்கள், முப்பத்துமூன்றும் கொஞ்சமும் வரும். திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் குழிமாற்று என்ற வாய்பாட்டை மனப்பாடம் செய்தார்கள். எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் எத்தனை குழி வரும் என்பதுதான் அது. நிலம் அளக்கத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்லிக்கொடுக்கப்பட்ட வர்க்க வாய்பாடு.

கோலும் கோலும் கூடினால் இரண்டு கோல். அது இன்னும் நீளம்தான், ஒரு கயிற்றால் அளந்துவிடலாம். கோலைக் கோலால் பெருக்கினால் குழி. அது நீளம் இல்லை, நிலம். அங்கே நெல் நடலாம். 2ம-க்கும் ம²-க்கும் உள்ள வித்தியாசம் கயிற்றுக்கும் வயலுக்கும் உள்ள வித்தியாசம். ஐந்து கோலையும் மூன்று குழியையும் கூட்டி எட்டு என்று சொன்ன கணக்கப்பிள்ளை யாரும் இருந்திருக்க முடியாது. அதனால்தான் 5ம + 3ம² என்பதை அதற்கு மேல் சுருக்க முடியாமல் அப்படியே விட்டுவைக்கிறோம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ம × ம = 2ம என்று எழுதிய பெண் சும்மா எழுதவில்லை. ம-க்கு 2 போட்டுச் சரிபார்த்திருக்கிறாள். இரண்டையும் இரண்டையும் பெருக்கினாலும் நாலு, கூட்டினாலும் நாலு. சரியாக வந்துவிட்டது என்று நம்பிவிட்டாள். 0, 2 இந்த இரண்டு எண்களும் இந்தத் தப்பைச் சரி போலக் காட்டும். 3 அல்லது 5 போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒன்பதும் ஆறும் வந்தவுடன் தானாகவே ரப்பரைத் தேடினாள்.

இந்தப் பேதத்தை மிகப் பழைய காலத்திலேயே தெளிவாக எழுதிவைத்தவர்கள் நம் நாட்டுக் கணித அறிஞர்கள். பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய ‘பிரம்மஸ்புட சித்தாந்தம்’ நூலில் தெரியாத எண்களைக் கையாளும் விதிகள் வருகின்றன. 1150 வாக்கில் இரண்டாம் பாஸ்கரர் தம் ‘பீஜகணித’த்தில் அவற்றை இன்னும் விரித்துச் சொன்னார். முதல் தெரியாத எண்ணுக்கு யாவத்தாவத் என்று பெயர். பொருள், ‘எவ்வளவோ அவ்வளவு’. பூ விலை பேசும்போது நாம் சொன்ன அதே சொல். அடுத்தடுத்த தெரியாத எண்களுக்கு நிறங்களின் பெயர். கருப்பைக் குறிக்கும் காலகம், நீலத்தைக் குறிக்கும் நீலகம் என்று போகும். எழுதும்போது முதல் எழுத்தை மட்டும் வைத்து யா, கா, நீ என்று சுருக்கிக்கொண்டார்கள். ஒரே இனத்தைக் கூட்டலாம், கழிக்கலாம். வேறு வேறு இனம் என்றால் தனித்தனியாக நிற்கட்டும் என்பது கூட்டலுக்கான விதி. பெருக்கலில் ஒரே இனம் இரண்டு சேர்ந்தால் வர்க்கம், மூன்று சேர்ந்தால் கனம். வேறு வேறு நிறங்கள் சேர்ந்தால் அதற்கு பாவிதம் என்று பெயர். உண்டாக்கப்பட்டது என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். இன்றைய மப-வை அவர்கள் யா கா பா என்று எழுதினார்கள். கருப்பையும் நீலத்தையும் பெருக்கினால் மூன்றாவதாக ஒன்று உண்டாகிறது என்று அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. பாவிதம் என்ற சொல்லை நம் வகுப்பறைக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது என் ஆசை.

பெருக்கல் குறியை ஏன் விட்டுவிடுகிறோம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். × என்ற குறியை 1631-இல் வில்லியம் ஆட்ரெட் என்ற ஆங்கிலேயர் அச்சில் கொண்டுவந்தார். அது எக்ஸ் எழுத்தோடு குழம்புகிறது என்று ஜெர்மன் கணித அறிஞர் லைப்னிட்ஸ் 1698-இல் கடிதமே எழுதி, புள்ளி வைத்தால் போதும் என்றார். ஆனால் குறியே இல்லாமல் பக்கத்தில் வைத்துப் பெருக்குவது தமிழ் பேசுகிற யாருக்கும் புதிதாக இருக்கக் கூடாது. முந்நூறு என்றால் மூன்று தடவை நூறு, அது பெருக்கல். நூற்றுமூன்று என்றால் நூறும் மூன்றும், அது கூட்டல். சின்ன எண் முன்னால் நின்றால் பெருக்கு என்று நம் மொழி முதல் வகுப்புக்கு முன்பே கற்றுக்கொடுத்துவிட்டது. 3ம என்பதை முந்நூறு மாதிரியே படிக்க வேண்டும். முன்னால் நிற்கும் 3-க்குப் பாடப்புத்தகம் கெழு என்று பெயர் வைத்திருக்கிறது.

அப்போது 3ம × 4ம எவ்வளவு? முந்நூறை நானூறால் பெருக்கச் சொன்னால் எந்தப் பிள்ளையும் தயங்காது. மூன்று நாலு பன்னிரண்டு, அப்புறம் நாலு பூஜ்ஜியம், 1,20,000. அதாவது பன்னிரண்டு தடவை நூற்றின் நூறு. ம நூறாக இருந்தால் அதுதான் 12ம². கெழுவைக் கெழுவோடு பெருக்கு, எழுத்தை எழுத்தோடு பெருக்கு என்று சொல்லப்படும் விதி இவ்வளவுதான். 3ம × 4ப = 12மப என்பதும் அப்படியே. (3ம)² என்பதை 3ம² என்று எழுதுகிறவர்களுக்கும் இதே மருந்து. முந்நூறின் வர்க்கம் தொண்ணூறாயிரம், முப்பதாயிரம் இல்லை. அடைப்புக்குள் இருக்கிற மூன்றும் இரண்டு தடவை வருகிறது, ஆகவே 9ம². கூட்டல், கழித்தல் குறிகளைப் பொறுத்தவரை எண்களுக்கு உள்ள அதே விதிதான். சொத்தையும் கடனையும் உவமையாக வைத்து பிரம்மகுப்தர் அதையும் 628-லேயே சொல்லிவிட்டார்.

இப்போது அந்தப் பையனின் ம⁶-க்கு வருவோம். அடுக்கு என்பது எண்ணிக்கை, வேறொன்றும் இல்லை. ம² என்றால் மம. ம³ என்றால் மமம. பக்கத்தில் வைத்தால் மமமமம, ஐந்து ம. இன்று நாம் எழுதுகிற மாதிரி மேலே சின்ன எண்ணாக அடுக்கைப் போடும் வழக்கத்தைப் பரப்பிய பிரெஞ்சு அறிஞர் ரெனே டெக்கார்ட்டே, 1637-இல் வந்த தம் நூலில் வர்க்கத்தைப் பெரும்பாலும் எழுத்தை இரண்டு தடவை போட்டுத்தான் எழுதினார். என் மாடியிலும் முதல் வாரம் முழுக்க அடுக்குக்குறி போடக் கூடாது, நீட்டித்தான் எழுத வேண்டும். கை வலிக்கிறது என்று பிள்ளைகள் சொல்லத் தொடங்கும் நாளில்தான் சுருக்கெழுத்தைக் காட்டுவேன்.

வைகைக்கரையில் இருப்பவர்களுக்கு இதற்கு இன்னொரு நல்ல உதாரணம் இருக்கிறது. அணையைப் பற்றிய செய்தி எதை எடுத்தாலும் டிஎம்சி என்ற சொல் வரும். ஆயிரம் மில்லியன் கன அடி என்பதன் சுருக்கம் அது. ஆயிரம் என்பது 10³, மில்லியன் என்பது பத்து லட்சம், 10⁶. ஆயிரம் தடவை பத்து லட்சம் எவ்வளவு? நூறு கோடி. ஒன்றுக்குப் பின்னால் ஒன்பது பூஜ்ஜியம், 10⁹. மூன்றும் ஆறும் கூடி ஒன்பது. பையனின் வழியில் மூன்றை ஆறால் பெருக்கினால் பதினெட்டு பூஜ்ஜியம் வரும். அவ்வளவு தண்ணீர் எந்த அணையிலும் நிற்காது. அவன் எழுதிய ம⁶ முற்றிலும் ஆதாரமில்லாததும் இல்லை. (ம²)³ என்று கேட்டிருந்தால் ம⁶ சரி. அங்கே ம² மூன்று தடவை நிற்கிறது, இரண்டிரண்டாக ஆறு. கேள்வியைப் பார்க்காமல் விதியை மட்டும் நினைவில் வைத்ததால் இரண்டும் இடம் மாறிவிட்டன.

வகுத்தல் இதையே பின்னோக்கி நடத்துகிறது. மூன்று சென்ட் மனை, முகப்பு முப்பது அடி என்று புரோக்கர் சொல்கிறார். உள்ளே எவ்வளவு தூரம் போகும்? ஒரு சென்ட் 435.6 சதுர அடி, மூன்றுக்கு 1,306.8. முப்பதால் வகுத்தால் 43.56. அந்த 43.56 என்ன? சதுர அடி என்பது அடி × அடி. அடியால் வகுக்கும்போது ஒரு அடி கழிந்துபோய், ஒரு அடி மிஞ்சுகிறது. ம² ÷ ம = ம. எண் சரியாக வந்தாலும் ‘சதுர அடி’ என்று விடை எழுதும் பிள்ளைக்கு இந்த ஒரு மனைக் கணக்கு போதும்.

அணைக்கு மறுபடி வருவோம். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் ஆற்றில் இறங்க வைகை அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுவார்கள். கணக்குக்காக, 200 மில்லியன் கன அடி தண்ணீரை விநாடிக்கு 1,000 கன அடி வீதம் திறப்பதாக வைத்துக்கொள்வோம். எத்தனை நேரம் ஓடும்? மேலே 2 × 10⁸, கீழே 10³. பத்துகளில் மூன்று மேலும் கீழும் அடிபட்டு, மேலே ஐந்து மிஞ்சும். 2 × 10⁵, அதாவது இரண்டு லட்சம் விநாடி. இரண்டு நாளும் ஏழரை மணி நேரமும் என்று வரும். இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. மேலே இருப்பது கன அடி, கீழே இருப்பது விநாடிக்கு இத்தனை கன அடி. கன அடி கன அடியோடு அடிபட்டுப் போய், கீழுக்குக் கீழே இருந்த விநாடி மேலே ஏறி வந்து நிற்கிறது. தண்ணீரைத் தண்ணீரின் வேகத்தால் வகுத்தால் நேரம். பெருக்கல் புது இனத்தை உண்டாக்குகிறது என்றால், உள்ளே ஒளிந்திருந்த இனத்தை வகுத்தல் வெளியே எடுத்துத் தருகிறது.

ம⁵ ÷ ம⁵ = 0 என்ற மூன்றாவது தவறு சொல்லிலிருந்து வருகிறது. மேலேயும் கீழேயும் எல்லாவற்றையும் ‘அடிச்சிட்டேன் சார், ஒண்ணும் இல்ல’ என்பார்கள். அடித்தால் ஒன்றுமில்லாமல் போகிறது என்பது கழித்தலின் நினைவு. வகுத்தலில் பூஜ்ஜியத்தைத் தவிர எதையும் அதாலேயே வகுத்தால் ஒன்று கிடைக்கும். அடுக்கைக் கழித்தால் 5 − 5 = 0, அதனால் ம⁰ = 1. இதை ஒப்புக்கொள்ளப் பெரியவர்களுக்கே கஷ்டமாக இருக்கும். நான் அப்போது நம் பழைய பின்னங்களை வரிசையாகச் சொல்லச் சொல்வேன். பதினாறு, எட்டு, நாலு, இரண்டு, ஒன்று, அரை, கால், அரைக்கால், வீசம். ஒவ்வொரு படியிலும் இரண்டால் வகுத்துக்கொண்டே இறங்குகிறோம். 2-இன் அடுக்கு 4, 3, 2, 1 என்று இறங்கி வந்து, ஒன்று என்ற இடத்தில் 0 ஆகிறது. அதைத் தாண்டி அரைக்கு −1, காலுக்கு −2, அரைக்காலுக்கு −3, வீசத்துக்கு −4. குறை அடுக்கு என்பது புதிதாக ஒன்றுமில்லை, பாட்டிமார் வாயில் இருந்த வீசம்தான். அரைக்கால் என்ற சொல்லையே பாருங்கள். அரையையும் காலையும் கூட்டினால் முக்கால். பக்கத்தில் வைத்துப் பெருக்கினால் அரைக்கால், எட்டில் ஒன்று. 2⁻¹ × 2⁻² = 2⁻³. மப என்று பக்கத்தில் வைத்து எழுதுவதும், அடுக்குகளைக் கூட்டுவதும் இந்த ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன.

அடிப்பதில் இன்னொரு பெரிய விபத்து உண்டு. (ம + ப)/ம என்று கொடுத்தால், மேலே ஒரு ம, கீழே ஒரு ம, இரண்டையும் அடித்துவிட்டு விடை ப என்பார்கள். இதை ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு வரை பார்க்கிறேன். அரிசியும் பருப்பும் சேர்ந்த மளிகைச் சாமானை மூன்று வீட்டுக்குப் பங்கு போடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அரிசியை மட்டும் பங்கு போட்டுவிட்டு, பருப்பு முழுவதையும் ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுக்க முடியுமா? இரண்டையும் பிரித்தாக வேண்டும். (6ம + 9ப)/3 என்றால் 2ம + 3ப. (ம + ப)/ம என்றால் 1 + ப/ம. அதற்கு மேல் போகாது. மப/ம என்பதில் அடிக்கலாம், ஏனென்றால் அங்கே ம பெருக்கலில் நிற்கும் காரணி. கூட்டலில் நிற்பதை அடிக்கக் கூடாது. எண் போட்டுப் பார்த்தால் ஒரு நிமிட வேலை: (3 + 6)/3 மூன்று, ஆறு இல்லை.

கடைசியாக ஒன்று. ம² = 5ம என்ற சமன்பாட்டைத் தீர்க்கச் சொன்னால், இரண்டு பக்கமும் ம-ஆல் வகுத்து ம = 5 என்று பிள்ளைகள் நிறுத்திவிடுகிறார்கள். ம = 0 என்றாலும் சமன்பாடு சரியாகிறது. அந்த விடை எங்கே போனது? ம-ஆல் வகுத்தபோதே, ம பூஜ்ஜியம் இல்லை என்று சொல்லாமலேயே முடிவு செய்துவிட்டோம். எழுத்தால் வகுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த எழுத்து பூஜ்ஜியமாக இருக்க வாய்ப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுத்தால் பூஜ்ஜியம் என்று பிரம்மகுப்தரே எழுதினார். இந்த ஓர் இடத்தில் அவர் சொன்னது நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை என்பதைப் பூக்கணக்கிலேயே கேட்டேன். மொத்த ரூபாய் மப. அதை முழத்தின் எண்ணிக்கையான ப-ஆல் வகுத்தால் ஒரு முழத்தின் விலை தெரிந்துவிடும். நூற்றிருபது ரூபாய், நாலு முழம், ஆக முழம் முப்பது. சரி, ஒருத்தர் பூவே வாங்கவில்லை. பூஜ்ஜியம் முழம், பூஜ்ஜியம் ரூபாய். இதிலிருந்து அன்றைய விலையைச் சொல்ல முடியுமா?

‘வாங்கவே இல்லன்னா எப்படி சார் தெரியும்? எவ்வளவு வேணாலும் இருக்கலாம்ல’ என்றாள் பூக்கட்டுகிறவரின் மகள். சொல்லிவிட்டு, நோட்டில் மப ÷ ப = ம என்று எழுதியிருந்த வரிக்குப் பக்கத்தில் ‘ப ≠ 0’ என்று தானாகவே சேர்த்துக்கொண்டாள்.